துப்பாக்கிக்கும் ஒரு பாஸ்போர்ட்டு!

நாலே நாலு தோட்டா. மான் வேட்டைக்கு வாங்கியவை. கைப்பையின் அடியில் கிடந்தன.

அந்த நாலு தோட்டாவுக்காக ஒரு மனிதர் பன்னிரண்டு ஆண்டு சிறைக்குப் போக இருந்தார்!

நடந்தது 2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். இடம், டர்க்ஸ்-கைகோஸ் தீவுகள். மேற்கு இந்தியத் தீவுகளின் பக்கத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட சின்னஞ்சிறு பிரதேசம் அது. வெள்ளை மணல், நீலக் கடல். விடுமுறை கிடைத்தால் அமெரிக்கர்கள் அங்கே பறந்துவிடுவார்கள். ஓக்லஹாமா மாநிலத்தைச் சேர்ந்த ஒருவரும் மனைவியுடன் அங்கே போனார். நண்பர்களின் நாற்பதாவது பிறந்த நாள் கொண்டாட்டம். ஆடிப் பாடி முடித்து, ஊர் திரும்ப விமான நிலையத்துக்கு வந்தார்கள். பையைச் சோதித்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"இது என்ன?"

பழைய மான் வேட்டையின்போது பைக்குள் விழுந்தவை. எடுக்க மறந்துவிட்டார். புறப்பட்ட ஊரில் அமெரிக்கச் சோதனை அதிகாரிகளின் கண்ணிலும் அவை படவில்லை. வந்தபோது படாதது, திரும்பும்போது பட்டது.

அந்தத் தீவின் சட்டம் மிகக் கடுமை. அனுமதி இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலும் குறைந்தபட்ச தண்டனை 12 ஆண்டு. கணவன், மனைவி இருவரும் பிடிபட்டார்கள். வீட்டில் இரண்டு குழந்தைகள். சில நாட்களில் மனைவி விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். கணவர் ஜாமீனில் தீவிலேயே தங்கினார். ஒரு வாரம் அல்ல, இரண்டு வாரம் அல்ல, இரண்டு மாதத்துக்கு மேல்!

அந்தச் சமயத்தில் அங்கே இப்படிச் சிக்கியவர் இவர் ஒருவர் மட்டும் அல்ல. பென்சில்வேனியாக்காரர் ஒருவரின் பெட்டியில் 20 வேட்டைத் தோட்டாக்கள் இருந்தன. அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் சிலர் மே மாதம் தீவுக்கே போய்க் கவர்னரைப் பார்த்துப் பேசினார்கள். அப்போதைய கவர்னரின் பெயர் டிலீனி டேனியல் செல்வரத்தினம். நம் காதுக்குப் பழக்கமான பெயர்தான்! ஆனால் தீர்ப்பு சொல்ல வேண்டியவர் கவர்னர் அல்லவே, நீதிபதி அல்லவா?

கடைசியில் நீதிபதி, இது விசேஷக் காரணங்கள் உள்ள வழக்கு என்று கருதினார். பென்சில்வேனியாக்காரருக்கு 52 வாரச் சிறை. ஆனால் அது நிறுத்தி வைக்கப்பட்டது. அபராதம் 6,700 டாலர். ஓக்லஹாமாக்காரருக்கு 13 வாரம். அதுவும் நிறுத்தி வைக்கப்பட்டது. 2,000 டாலர் கட்டிவிட்டு ஜூன் மாதம் வீடு போய்ச் சேர்ந்தார். அதே மாதம் தீவின் சட்டசபையும் சட்டத்தைத் திருத்தி, தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு இடம் கொடுத்தது.

மறதியால் நாலு தோட்டா கொண்டு போனவர் கதை இது. ஆனால் தோட்டா மட்டும் அல்ல, துப்பாக்கியையே பெட்டியில் வைத்துக்கொண்டு, பகிரங்கமாக விமானம் ஏறிக் கடல் கடந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் போகிறார்கள். அவர்களை யாரும் பிடிப்பதில்லை.

அது எப்படி?

சாவி யார் கையில்?

ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகும் ஓர் அமெரிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டெருமை சுட வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் கையில் இருப்பது 375 ஹாலண்டு ரகத் தோட்டா போடும் ரைபிள். 1912-ல் இங்கிலாந்தில் உருவான தோட்டா அது. நூறு ஆண்டு தாண்டியும் ஆப்பிரிக்கக் காடுகளில் அதற்கு மதிப்புக் குறையவில்லை.

ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு விமானத்தில் ஏற முடியாது. குண்டு எதுவும் இல்லாமல் காலி செய்ய வேண்டும். கெட்டியான பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். விமானக் கம்பெனியின் கவுண்டரில், "இதில் துப்பாக்கி இருக்கிறது" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அது சரக்கு அறைக்குப் போய்விடும். சாவி மட்டும் பிரயாணியின் சட்டைப்பையில்.

தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. ஒரு பிரயாணிக்கு 5 கிலோ. அட்டைப் பெட்டியையும் சேர்த்துத்தான் 5 கிலோ! 375 தோட்டா என்றால் ஏறக்குறைய நூறு போகும். வெடித்துச் சிதறும் குண்டு, தீப்பற்றும் குண்டு இவை கூடவே கூடாது. தோட்டாவைத் துப்பாக்கிப் பெட்டியிலேயே வைக்கலாம் என்று ஒரு கம்பெனி சொல்லும். தனிப் பெட்டியில், தனிப் பூட்டில் வேண்டும் என்று இன்னொரு கம்பெனி சொல்லும். முன்கூட்டியே விசாரிக்காதவர் பாடு கவுண்டரில் திண்டாட்டம்தான்.

கைக்கடிகாரமும் துப்பாக்கியும்

விமானம் ஏறுவதற்கு முன் இன்னொரு வேலை. ரைபிளை எடுத்துக்கொண்டு அமெரிக்கச் சுங்க இலாகா அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். அங்கே 4457 என்ற எண்ணுள்ள ஒரு படிவம். அதில் துப்பாக்கியின் தயாரிப்பு, ரகம், வரிசை எண் எல்லாம் எழுத வேண்டும். அதிகாரி துப்பாக்கியைப் பார்த்து, எண்ணைச் சரிபார்த்து, முத்திரை குத்திக் கொடுப்பார்.

இந்தப் படிவத்தின் கதை வேடிக்கையானது. இது துப்பாக்கிக்காக ஏற்பட்டதே அல்ல. வெளிநாடு போகிறவர் விலை உயர்ந்த கைக்கடிகாரம், காமிரா போன்றவற்றைக் கொண்டுபோனால், திரும்பி வரும்போது "இது அங்கே வாங்கியது, வரி கட்டு" என்று யாரும் கேட்கக் கூடாது அல்லவா? "இது முன்பே என்னுடையது" என்று காட்டுவதற்கான சீட்டு இது. அவ்வளவுதான்.

தென் ஆப்பிரிக்கப் போலீசார் கேட்பதோ, "துப்பாக்கி உம்முடையது என்பதற்கு உம் நாட்டுச் சர்க்கார் கொடுத்த அத்தாட்சி எங்கே?" என்று. அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான துப்பாக்கி லைசென்சு என்று ஒன்று கிடையாது. அத்தாட்சிக்கு எங்கே போவது? அதனால் கைக்கடிகாரச் சீட்டே துப்பாக்கிக்குப் பாஸ்போர்ட்டு ஆகிவிட்டது!

அதிலும் ஒரு வில்லங்கம். படிவத்தின் மூலையில் ஒரு தேதி அச்சிட்டிருக்கும். அது அந்தப் படிவத்தை அச்சிட்டுப் பயன்படுத்த அமெரிக்க அரசாங்கம் கொடுத்த அனுமதியின் காலம். துப்பாக்கிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தென் ஆப்பிரிக்க அதிகாரிகளோ, "தேதி கடந்துவிட்டது, செல்லாது" என்றார்கள். ஒரு சமயம் இது பெரிய தலைவலியாகவே ஆனது. இரண்டு பக்கத்திலும் யார் மீதும் தப்பு இல்லை. காகிதத்தைக் காகிதமாகப் படித்தார்கள். கஷ்டம் பிரயாணிக்கு.

கறுப்பு மை

ஜோகன்னஸ்பர்க் நகரின் விமான நிலையத்தில் இறங்கியதும் மற்றவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்விடுவார்கள். வேட்டைக்காரர் போலீஸ் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பதினாறு, பதினேழு மணி நேரம் பறந்து வந்த அலுப்பு, கண்ணில் தூக்கம். அங்கே 520 என்ற எண்ணுள்ள போலீஸ் படிவம். கறுப்பு மையால் எழுத வேண்டும். கையெழுத்தை மட்டும் அதிகாரியின் முன்னால்தான் போட வேண்டும். கெட்டிக்காரத்தனமாக வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தவர், மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியதுதான்.

பாஸ்போர்ட்டு நகல், திரும்பிப் போகும் விமான டிக்கெட்டு, வேட்டைக்கு அழைத்த பண்ணைக்காரரின் கடிதம், சுங்கப் படிவம் எல்லாவற்றையும் நீட்ட வேண்டும். ரைபிளின் மேல் வரிசை எண் செதுக்கியிருக்க வேண்டும். தானாகவே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் ரகம் கூடாது. ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் கூடாது. அதுவும் அந்தத் துப்பாக்கிக்கு உரிய தோட்டா மட்டும். எண்கள் ஒத்துப்போனால் தற்காலிக அனுமதி. கட்டணம் இல்லை. ஓர் எழுத்து மாறியிருந்தால்? துப்பாக்கி போலீசாரிடம் தங்கும். காட்டெருமை காட்டில் தங்கும். வேட்டைக்காரர் வாடகைத் துப்பாக்கி தேடுவார்.

நேராகப் போகாமல் வழியில் விமானம் மாறுகிறவர்களுக்கு இன்னொரு பொறி. ஆம்ஸ்டர்டாமில் மாறினால் நெதர்லாந்துச் சுங்க இலாகாவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். பெட்டி ஒரு விமானத்திலிருந்து இன்னொரு விமானத்துக்குத்தானே போகிறது, நாம் தொடவே போவதில்லையே என்று வாதம் செய்து பயன் இல்லை. இங்கிலாந்துக்கே வேட்டைக்குப் போகிறவர்களுக்கு அங்கே இருக்கும் ஒருவர், வருகிறவருக்காக முன்கூட்டியே போலீசில் மனுச் செய்து அனுமதி வாங்கி வைக்க வேண்டும்.

கனடாவில் சுருக்கமான வழி. எல்லையில் ஒரு படிவம், 25 கனடா டாலர், 60 நாளுக்குச் செல்லும். ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளுக்குள் உண்மையாகவே துப்பாக்கிக்கென்று ஒரு பாஸ்போர்ட்டு இருக்கிறது! 1991-ல் வந்த விதி அது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியதும், 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்தச் சலுகை பிரிட்டிஷ் வேட்டைக்காரர்களின் கையை விட்டுப் போயிற்று.

ரூஸ்வெல்ட்டின் மூட்டைகள்

இந்தக் கெடுபிடி எதுவும் தெரியாமல் துப்பாக்கி கொண்டுபோன ஒரு பிரயாணியும் உண்டு. அவர் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட். பதவியை விட்டு இறங்கினார் 1909 மார்ச் 4-ந் தேதி. அதே மாதம் 23-ந் தேதி நியூயார்க்கில் கப்பல் ஏறிவிட்டார்! ஜனாதிபதி மாளிகையை விட்டு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கூடவே மகன் கெர்மிட். நேப்பிள்ஸ் துறைமுகத்தில் வேறு கப்பல் மாறி, ஏப்ரல் 21-ந் தேதி மொம்பாசாவில் இறங்கினார்கள்.

ரூஸ்வெல்ட் கொண்டுபோன துப்பாக்கிகள் சாமானியமானவை அல்ல. ஒரு ஸ்பிரிங்பீல்டு ரைபிள். ஒரு வின்செஸ்டர் 405. யானைக்கும் காண்டாமிருகத்துக்கும், லண்டன் ஹாலண்டு கம்பெனி செய்த இரட்டைக் குழல் ரைபிள். இங்கிலாந்தில் அவருடைய அபிமானிகள் பணம் போட்டு வாங்கிப் பரிசளித்தது அது. இவை போக, பறவைக்கு ஒரு பாக்ஸ் துப்பாக்கி. தோல்களைப் பதப்படுத்த 4 டன் உப்பு!

தந்தையும் மகனும் சேர்ந்து சுட்டவை 512. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் காட்சிசாலைக்காக நடந்த பயணம் அது. தோல்களும் எலும்புகளும் அங்கே போயின. இன்றைக்கு அந்த எண்ணிக்கையைப் படிக்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அன்றைக்குக் கை தட்டினார்கள்.

வின்செஸ்டர் 405 ரகத்துக்கும் நம் ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. பெங்களூரில் குடியிருந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் கையிலும் அதே ரக ரைபிள்தான் இருந்தது. ஜவளகிரிப் பக்கம் ஆட்களை அடித்துத் தின்ற புலியைப் பற்றி அவர் எழுதியதைப் பலர் படித்திருப்பார்கள். அந்தக் காடுகள் இப்போதும் இருக்கின்றன. வேட்டைதான் இல்லை. 1972-ம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

வாடகைத் துப்பாக்கி போதாதா?

இத்தனை படிவம், இத்தனை காத்திருப்பு. போகிற இடத்திலேயே ஒரு துப்பாக்கியை வாடகைக்கு எடுத்துக்கொண்டால் என்ன? பண்ணைகளில் வாடகைக்குக் கொடுக்கத்தான் செய்கிறார்கள். இப்போது பலர் அப்படியே செய்கிறார்கள்.

ஆனாலும் பழகிய வேட்டைக்காரர் சம்மதிப்பதில்லை. துப்பாக்கியின் கட்டை அவர் தோளுக்கு அளவானது. விசை எந்த அழுத்தத்தில் விடும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். இது வீம்பு அல்ல. காட்டெருமை பொல்லாத மிருகம். குண்டு பட்டு விழாவிட்டால் புதருக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். தேடி வருகிறவரைப் பாயும். அதைத் தேடி முதலில் புதருக்குள் நுழைகிறவர் பணம் கொடுத்து வந்த வேட்டைக்காரர் அல்ல. அடிச்சுவடு பார்த்து வழி காட்டும் உள்ளூர்க்காரர்! பழக்கம் இல்லாத துப்பாக்கியால் ஓர் அங்குலம் தவறினால், அதன் பலன் அவர் தலையில் விடியும். காயம்பட்ட மிருகம் தப்பி ஓடிவிட்டாலும், ஒரு சொட்டு ரத்தம் சிந்தியிருந்தால் அதற்கு முழுப் பணம் கட்ட வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

அதனால்தான் முகாமுக்குப் போனதும் முதல் வேலையாக ஒரு காகிதக் குறியை மரத்தில் மாட்டிச் சுட்டுப் பார்க்கிறார்கள். விமான நிலையத்தில் பெட்டியைத் தூக்கிப் போட்டதில் தொலைநோக்கி இம்மி அசைந்திருந்தாலும் அங்கே தெரிந்துவிடும்.

வேட்டை முடிந்து திரும்பும்போது மறுபடி அதே வரிசை. அதே பூட்டு, அதே எண். அனுமதிச் சீட்டில் உள்ள எண்ணையும் குழலில் உள்ள எண்ணையும் ஒத்துப் பார்ப்பார்கள். கொண்டுபோன துப்பாக்கியை அங்கே யாருக்கும் கொடுத்துவிட்டு வர முடியாது. அமெரிக்கா வந்து இறங்கியதும் அந்தக் கைக்கடிகாரச் சீட்டை நீட்ட வேண்டும்.

அனுபவசாலிகள் ஊருக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் இரவு இன்னொரு காரியமும் செய்வார்கள். சட்டை, கால்சட்டை, கோட்டு, கைப்பை எல்லாவற்றையும் கட்டிலின் மேல் கவிழ்த்து உதறுவார்கள். பை ஓரத்துத் தையலுக்குள்ளும் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார்கள்.