பெயரும் எண்ணும்



செங்கற்பட்டுப் புகைவண்டி நிலையத்தில் இறங்கும் வெளியூரார், "மாமல்லபுரத்திற்கு வழி யாது?" என்றே வினவுவார். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைச் சொல்லி வழி கேட்பாரில்லை. மனிதனுக்குப் பெயர் எளிது. கணிப்பொறிக்கோ எண்ணே முகவரி. பெயரைச் சொன்னால் எண்ணை எடுத்துரைப்பதே பெயர் வழங்கியின் பணியாகும்.

தொடக்க காலத்தில், வலையில் இணைந்த கணிப்பொறிகள் யாவும் ஒரே பட்டியலில் அடங்கின. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையம் அதனைப் பேணியது, ஏனையோர் படியெடுத்துக்கொண்டனர். பொறிகள் பெருகவே அம்முறை தளர்ந்தது. 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர், பொறுப்பைப் பகிர்ந்தளிக்கும் புதுமுறை ஒன்றை வகுத்தார்.

அதனை நம் மாவட்டத்தைக் கொண்டே விளக்கலாம். 2019ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதன்பின் மாமல்லபுரத்தைப் பற்றி வினவுவோரிடம் காஞ்சிபுரத்தார், "செங்கற்பட்டைக் கேளுங்கள்" என்று சுட்டினால் போதும். பெயர் முறையும் அவ்வாறே. தமிழிலேயே 'இந்தியா' என முடியும் வலைப்பெயர்கள் இன்று உண்டு. அத்தகைய பெயரைத் தேடினால், உச்சியிலுள்ள வேர் வழங்கி 'இந்தியா'வுக்கு உரிய வழங்கியைச் சுட்டும். அது அடுத்ததைச் சுட்டும். இறுதியில் உரிய வழங்கியிடம் எண் கிடைக்கும்.

லினக்ஸ் கணிப்பொறியில் இத்தகைய வழங்கியை அமைப்பது கடினமன்று. பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய 'பைண்ட்' என்னும் இலவச மென்பொருள் இதற்குப் போதும். முதலாவது, கணிப்பொறிக்கு மாறாத எண் முகவரி ஒன்றை அளித்திடுக. இரண்டாவது, மென்பொருளை நிறுவி, அமைப்புக் கோப்பில் நம் மண்டலத்தின் பெயரை அறிவித்திடுக. பிற பெயர்களைத் தேடித் தரும் உதவி நம் வலையினர்க்கு மட்டுமே என்றும் வரையறுத்திடுக. மூன்றாவது, மண்டலக் கோப்பில் வரிசை எண், வழங்கிகளின் பெயர்கள், பொறிகளின் முகவரிகள் ஆகியவற்றை எழுதிடுக. நான்காவது, உடன் வரும் சோதனைக் கருவியால் பிழை பார்த்த பின்னரே இயக்கிடுக.

இங்கே ஒரு புள்ளியும் பெரிது. தமிழில் புள்ளி பெற்றால் ககரம் மெய்யாகிவிடுகிறதல்லவா? மண்டலக் கோப்பிலும் முழுப்பெயரின் இறுதியில் புள்ளி வேண்டும்; இன்றேல் மண்டலத்தின் பெயர் மீண்டும் ஒருமுறை அதனோடு ஒட்டிக்கொள்ளும்.

வரிசை எண்ணின் அருமையை நான் பட்டே அறிந்தேன். ஓய்வு பெற்றபின், கடற்கரையோரப் பள்ளி ஒன்றில் முதன்மை வழங்கி, துணை வழங்கி என இரண்டை அமைத்தேன். பாடங்கள் இருந்த பொறியின் முகவரி ஒருநாள் மாறியது. முதன்மையில் அதனைத் திருத்திய நான், வரிசை எண்ணை உயர்த்த மறந்தேன். எண் உயராததால், மாற்றம் ஏதுமில்லை என்று கருதிய துணை வழங்கி பழைய முகவரியையே தந்துகொண்டிருந்தது. தேர்வுக்கு முந்திய நாள் அது. வீட்டில் கணிப்பொறி இல்லாத மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர், துணை வழங்கியை நம்பிய பொறிகளின்முன் வெறுந்திரையைப் பார்த்து அமர்ந்திருந்தனர். நான் கம்பிகளைச் சந்தேகித்தேன். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி இரு வழங்கிகளின் பதிவுகளையும் ஒப்பிட்டு, "ஐயா, முகவரி மாறியிருக்கிறது, வரிசை எண் மாறவில்லையே" என்றாள்.

ஆசிரியனுக்கு அன்று பாடம் கிடைத்தது. ஒன்றை மாற்றினால், மாற்றியதை அறிவிக்கவும் மறவாதீர்கள்.