மூச்சின் இரு காவலர்

கற்பிட்டி முதற் சிலாபம் ஈறாக நீண்டு கிடக்கும் எமது புத்தளக் கரைக்கும் முத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. முத்துக்குளிப்பைக் குறிக்கும் ‘சலாபம்’ என்னும் சொல்லே ‘சிலாபம்’ என மருவிற்று என்பாரும் உளர். 1344ஆம் ஆண்டிற் புத்தளத்தை அடைந்த யாத்திரிகர் இபுனு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் அவையில் முத்துக்களைக் கண்டதாக எழுதியுள்ளார். முத்தின் விலையைப் பேசினோர் பலர். அதனை எடுத்தவனின் மூச்சைப் பற்றிப் பேசினோர் அரியர்.

கற்கயிற்றிற் காலூன்றி ஐந்து முதற் பத்துப் பாகம் வரை இறங்குவான் குளியாள். ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பி பொறுக்குவான். ‘மேலே வா’ என அவனை உள்ளிருந்து அழைப்பது எது? குருதியில் ஒட்சிசன் குறைவதே என்று நம்மிற் பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று.

உடலுக்குக் காவலர் இருவர். மூளையின் அடிப்பகுதியில் உள்ளவர் காபனீரொட்சைட்டு மிகுவதை உணர்பவர். மூச்சுமுட்டும் துன்பம் பெரிதும் அவர் எழுப்பும் குரலே. மற்றவர், கழுத்தின் இருமருங்கும் தலைக்குச் செல்லும் நாடி கிளைக்குமிடத்தில் அரிசிமணியளவாய் அமைந்தவர். ஒட்சிசன் குறைவை அறிபவர் இவரே. இவர் பணியை விளக்கிய பெல்சிய அறிஞர் ஹேமன்சு 1938ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு பெற்றார். ஆயினும் ஒட்சிசனின் அழுத்தம் இயல்பில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகக் குறையும்வரை இவர் உரத்துக் கூவுவதில்லை. 2020இற் பரவிய கொவிட் நோயில், ஒட்சிசன் மிகக் குறைந்தும் சிலர் அமைதியாக உரையாடியது மருத்துவரை வியக்க வைத்தது.

பழைய முத்துக்குளிப்பு மறைந்தும் மூச்சடக்கல் மறையவில்லை. எம்மூர் மாணவர் கடலிற் போட்டியிட்டு மூழ்குவதையும், அதற்குமுன் விரைந்து விரைந்து மூச்செடுப்பதையும் நான் கண்டிருக்கிறேன். அவ்வாறு செய்வதால் ஒட்சிசன் சிறிதே கூடும்; காபனீரொட்சைட்டோ பெரிதும் வெளியேறிவிடும். முதற் காவலர் உறங்கிவிடுகிறார். பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காதலின், நெஞ்சிலுள்ள ஒட்சிசன் போதியதுபோல நிற்கும். மேலெழுகையில் அழுத்தம் தளர, அது திடீரெனத் தாழும். இரண்டாங் காவலர் கூவுமுன்னரே, நீர்மட்டத்தை அணுகும் வேளையில் நினைவு தப்பும். துன்பம் தோன்றாமையே அங்குத் துன்பம்.

குளியாளின் கயிற்றை அவன் மைத்துனன் கையிற் கொடுப்பர் என்பது கடற்கரை வழக்கு. தங்கையின் தாலியைக் காப்பவன் கயிற்றை விடான் அன்றோ! உள்ளிருக்கும் காவலர் இருவரும் தவறும் வேளை உண்டென்பதை அம்முன்னோர் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். ஆதலின் மாணவர்காள், விரைமூச்செடுத்து மூழ்காதீர், தனியே மூழ்காதீர். கரையில் ஒரு கண் உம்மேல் இருக்கட்டும்.