கான்ட்ராக்ட் முடிகிறது, புது போன் வேண்டுமா?

பிரிட்டனில் மொபைல் கான்ட்ராக்ட் முடியப் போகும்போது, 10 முதல் 40 நாட்களுக்கு முன்பாக நிறுவனம் உங்களுக்கு ஒரு தகவல் அனுப்பியாக வேண்டும். தொலைத்தொடர்பை மேற்பார்வை செய்யும் ஆஃப்காம் 2020 பிப்ரவரியில் கொண்டுவந்த விதி இது. கான்ட்ராக்ட் எந்தத் தேதியில் முடிகிறது, இப்போது மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள், முடிந்த பிறகு எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும், அந்த நிறுவனத்திடமே அதைவிட மலிவாக என்ன இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். பலர் இதை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். ஆனால் அதே வாரத்தில் "நீங்கள் அப்கிரேடுக்குத் தகுதி பெற்றுவிட்டீர்கள்" என்று ஏதோ பதவி உயர்வு கிடைத்த மாதிரி வருகிற செய்தியை மட்டும் ஒருவரும் தவறவிடுவதில்லை. அழித்த செய்திதான் உங்களுக்கு உதவக்கூடியது. மற்றது கடைக்காரருக்கு உதவுவது.

முதலில் அந்த மாதத் தொகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாதம் 45 பவுண்டு கட்டுகிறீர்கள் என்றால் அதில் ஒரு பகுதி போனுக்கான தவணை, மீதி அழைப்புக்கும் டேட்டாவுக்கும். ஓ2, ஸ்கை, டெஸ்கோ மொபைல் போன்றவை இரண்டையும் தனித்தனி ஒப்பந்தமாகவே போடுகின்றன. போன் தவணை முடிந்ததும் அது தானாக நின்றுவிடும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து விற்கும் கான்ட்ராக்டில்தான் சிக்கல். 24 மாதத்தில் போனின் விலை முழுவதும் அடைந்துவிடும், ஆனால் நீங்கள் வாய் திறக்காவிட்டால் பில் பழையபடியே வந்துகொண்டிருக்கலாம். இப்படிக் கடன் தீர்ந்த போனுக்கும் வாடிக்கையாளர்கள் சராசரியாக மாதம் 22 பவுண்டு கூடுதலாகக் கட்டுகிறார்கள் என்று சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு 2017இல் கணக்கிட்டுச் சொன்னது. ஆஃப்காம் நெருக்கியதில் பல நிறுவனங்கள் கான்ட்ராக்ட் முடிந்தவர்களுக்குத் தாமாகவே ஓரளவு குறைக்க ஒப்புக்கொண்டன. ஓரளவுதான்.

எனவே எந்தப் போன் வாங்குவது என்பது இரண்டாவது கேள்வி. கையில் இருப்பதற்கு உண்மையில் என்ன கோளாறு என்பதே முதல் கேள்வி.

இரண்டு வருடப் போனைப் பற்றி வரும் புகார்களில் முக்கால்வாசி பேட்டரியைப் பற்றியதாகத்தான் இருக்கும். லித்தியம் பேட்டரி தேயும், அது அதன் இயல்பு. ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும்படியும், 15 முதல் 1000 சுற்றுகளுக்கு அதே அளவு மிஞ்சும்படியும் வடிவமைத்திருப்பதாக ஆப்பிளே சொல்கிறது. தினமும் இரவில் செருகி வைப்பவருக்கு இரண்டு வருடத்தில் 500 சுற்று ஓடிவிடும். செட்டிங்ஸில் பேட்டரி நலம் என்ற இடத்தைப் பாருங்கள். 80க்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி போட ஏறக்குறைய நூறு பவுண்டு ஆகும், சிறிய கடைகளில் அதற்கும் குறைவாக. எண்ணூறு பவுண்டுப் போனை அதற்காக மாற்ற வேண்டியதில்லை. "இடம் போதவில்லை" என்பது அடுத்த புகார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று வருடமாக வந்து சேர்ந்த காலை வணக்கங்களையும் கல்யாண வீடியோக்களையும் அழித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உண்மையிலேயே போனை மாற்ற வேண்டிய காரணம் ஒன்று உண்டு: பாதுகாப்பு அப்டேட் நின்றுபோவது. அது நின்றால் அன்றைக்கே ஒன்றும் கெட்டுவிடாது. மெல்ல மெல்ல வங்கிச் செயலிகள் பழைய மென்பொருளில் இயங்க மறுக்கும், கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டனில் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. போன் உட்பட, இணையத்தோடு இணையும் பெரும்பாலான நுகர்வோர் பொருட்களுக்குக் குறைந்தபட்சம் எதுவரை பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும். கூகுள் பிக்சல் 8 முதல் ஏழு வருடம், சாம்சங் கேலக்ஸி எஸ்24 முதல் ஏழு வருடம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆப்பிள் எழுத்தில் கொடுப்பது குறைந்தது ஐந்து வருடம், நடைமுறையில் அதற்கு மேலும் தருவது வழக்கம். விலை குறைந்த கேலக்ஸி ஏ16க்கே ஆறு வருடம் உண்டு. கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். ஒரு விஷயம் மறக்கக் கூடாது: இந்த வருடங்கள் மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடைக்கும் மூன்று வருடப் பழைய மாடலில் மூன்று வருடம் ஏற்கெனவே கழிந்திருக்கும்.

நம்மவர்களுக்கென்றே இரண்டு சங்கதிகள் உண்டு, கடையில் இவற்றை யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்று, ஊரிலிருந்து கொண்டுவரும் போன். வோடஃபோன், ஈஈ, த்ரீ மூன்றும் 2024 முடிவதற்குள் தங்கள் 3ஜி சேவையை மூடிவிட்டன, ஓ2 2025இல் மூட ஆரம்பித்தது. த்ரீயிடம் 2ஜி என்பது எப்போதுமே இருந்ததில்லை. ஆகவே இப்போது அழைப்புகள் பெரும்பாலும் 4ஜி வழியாகத்தான் போகின்றன. சென்னையிலோ கொழும்பிலோ வாங்கிய போனில் இணையம் பறக்கும், ஆனால் இங்குள்ள நெட்வொர்க்கில் 4ஜி அழைப்பும் வைஃபை அழைப்பும் வேலை செய்யாமல் போகலாம். அங்கே ஐந்தாயிரம் ரூபாய் மிச்சம் என்று வாங்குவதற்கு முன், உங்கள் நெட்வொர்க் அந்த மாடலை ஏற்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

மற்றது இரண்டு சிம். இந்திய வங்கிக் கணக்கு வைத்திருப்பவருக்கு ஓடிபி அந்த ஊர் எண்ணுக்கு வருகிறது. அந்த சிம்மை உயிரோடு வைத்திருக்க வேண்டும், இங்குள்ள எண்ணும் வேண்டும். பிரிட்டனில் விற்கும் ஐபோன்களில் ஒரு நானோ சிம் இடமும் இ-சிம்மும் சேர்ந்தே இருக்கின்றன, ஐபோன் ஏர் மட்டும் விதிவிலக்கு, அதில் இ-சிம் மட்டும்தான். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14 முதலே சிம் இடம் கிடையாது. ஐபோன் 17இல் துபாய் மாடலும் அப்படி ஆகிவிட்டது. நியூ ஜெர்சி அத்தானோ துபாய் சித்தப்பாவோ அன்பாக வாங்கி வரும் போனில் பழைய சிம்மைச் செருக இடமே இருக்காது. பிளாஸ்டிக் சிம்மை இ-சிம்மாக மாற்ற முடியும்தான், ஆனால் ஊரில் இருக்கும்போதே அதைச் செய்துகொள்வது நல்லது.

இனிக் கணக்கு. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 599 பவுண்டு விலையுள்ள ஒரு போன். கான்ட்ராக்டில் முன்பணம் 30, மாதம் 45, 24 மாதம். அக்டோபரில் தொடங்குகிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் மாதத் தொகை 2 பவுண்டு 50 பென்ஸ் ஏறும் என்று விதிமுறையில் இருக்கிறது. ஆறு மாதம் 45, அடுத்த பன்னிரண்டு மாதம் 47.50, கடைசி ஆறு மாதம் 50. முன்பணத்தோடு மொத்தம் 1170 பவுண்டு. அதே போனை நேரடியாக 599க்கு வாங்கி, மாதம் 10 பவுண்டுக்கு சிம் மட்டும் எடுத்தால் 839. வித்தியாசம் 331 பவுண்டு. இந்த எண்கள் நான் போட்டவை. உங்கள் கடையில் சொல்லும் எண்களை வைத்து இதே கூட்டலைப் போட்டால் சில நேரம் வித்தியாசம் சிறிதாகவும் வரும், அபூர்வமாகக் கான்ட்ராக்டே மலிவாகவும் வரும். கூட்டாமல் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம். முன்பு இந்த ஏப்ரல் உயர்வைப் பணவீக்கத்தோடு கட்டி வைத்திருந்தார்கள், எவ்வளவு ஏறும் என்று யாருக்கும் தெரியாது. 2025 ஜனவரி 17 முதல் போடும் கான்ட்ராக்ட்களில் உயர்வை பவுண்டு பென்ஸிலேயே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ஆகவே இப்போது கூட்டல் சுலபம்.

மொத்தப் பணம் கையில் இல்லாதவருக்கு வட்டியில்லாத் தவணை நல்ல வழிதான். ஆப்பிளோ பெரிய கடைகளோ தருவதும் உண்டு, நெட்வொர்க்குகள் தருவதும் உண்டு. இது கடன் என்பதால் கிரெடிட் சோதனை நடக்கும், தவணை தவறினால் பதிவில் ஏறும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இதை மனதில் வைக்கட்டும். வாங்கும் நேரமும் பார்க்கலாம். செப்டம்பரில் புது ஐபோன் வந்ததும் முந்தைய மாடல் நூறு பவுண்டு குறைவது வழக்கம். நவம்பர் கடைசியில் ஆண்ட்ராய்டு போன்கள் இறங்கும். புதுப்பித்து விற்கும் போன் என்றால் உத்தரவாதம் தரும் கடையில் வாங்குங்கள். தெருவிலோ ஃபேஸ்புக்கிலோ வாங்கினால், *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண் முடக்கப்பட்டதா என்று சோதித்த பிறகே பணம் கொடுங்கள். திருட்டு என்று முடக்கப்பட்ட போன் இங்கே எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது.

எண் போய்விடும் என்ற பயத்திலேயே பழைய நிறுவனத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019 ஜூலை முதல் அந்தப் பயத்துக்கு வேலை இல்லை. பிஏசி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை 65075க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வரும், 30 நாள் செல்லும். அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் அடுத்த வேலை நாளுக்குள் எண் அங்கே போய்விடும், பழைய கணக்கு தானாக முடிந்துவிடும். நீங்களாகவே முதலில் பழையதை ரத்து செய்துவிடக் கூடாது, அப்படிச் செய்தால்தான் எண் போகும். 2021 டிசம்பரிலிருந்து நெட்வொர்க்குகள் பூட்டிய போனை விற்கக் கூடாது என்பதால், அதற்குப் பிறகு வாங்கியதில் எந்த சிம்மையும் போடலாம். ஸ்மார்ட்டி, வாக்ஸி, கிஃப்காஃப் போன்றவையும், ஈழத் தமிழர்கள் தொடங்கிய லெபாராவும் லைக்காவும் பெரிய நிறுவனங்களின் கோபுரங்களையே பயன்படுத்துகின்றன. வீட்டிலும் வேலையிடத்திலும் எந்த நெட்வொர்க்குக்கு சிக்னல் நன்றாக இருக்கிறதோ, அதன் மேல் ஓடும் மலிவான சிம்மைத் தேடுங்கள். பிஏசி கேட்டதும் பழைய நிறுவனம் புதிய சலுகையோடு கூப்பிடலாம். அது நல்ல விலையாக இருந்தால் இருந்துவிடுங்கள், ரோஷம் வேண்டாம்.

என் தீர்ப்பு இதுதான்: பேட்டரி சரியாக இருந்து, அப்டேட் இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தால், போனை வைத்துக்கொண்டு சிம்மை மட்டும் மாற்றுங்கள். மாற்றியே ஆக வேண்டுமானால் ஏழு வருட அப்டேட் உள்ள நடுத்தர விலைப் போன் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். உங்கள் கான்ட்ராக்ட் முடிய எவ்வளவு பாக்கி என்றே தெரியாதவர்கள், இன்ஃபோ என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி 85075க்கு அனுப்புங்கள். இப்போது விலகினால் என்ன கட்ட வேண்டும் என்று பதில் வரும். கட்டணம் இல்லை.