உயிர்ப்பும் ஈரமும்

வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். மழைக்காலத்தில் ஜமுனாமரத்தூரை அடுத்த பீமன் அருவி ஆர்ப்பரித்து வீழும். கோடையிலோ மலையோடைகள் மெலிந்து, பாறைகளுக்கிடையே தேங்கிய சிறு மடுக்களாகச் சுருங்கும். அத்தகைய மடுவொன்றில் மீனும் தலைப்பிரட்டையும் தும்பியின் இளவுயிரியும் ஒருங்கே வாழக்கூடும். அதன் விளிம்பில் தேனீ நீரருந்தும். கிளையில் பறவை காத்திருக்கும். இவை யாவும் நாடுவது ஆக்சிஜன் ஒன்றையே. அதனைப் பெறும் வழிதான் வேறு வேறு.

தமிழில் ‘உயிர்த்தல்’ என்னும் வினைக்கு மூச்சுவிடுதல் என்றும் பொருளுண்டு. பெருமூச்சை ‘நெட்டுயிர்ப்பு’ என்பர். உணவிலிருந்து ஆற்றலைப் பெற விலங்குகளின் உயிரணுக்களுக்கு ஆக்சிஜன் தேவை. அப்போது உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறவும் வேண்டும். இப்பரிமாற்றம் நிகழும் பரப்பு மிக மெல்லியதாகவும் ஈரமாகவும் இருத்தல் இன்றியமையாதது. ஆக்சிஜன் நீரில் கரைந்த பின்னரே உயிரணுவினுள் நுழைகிறது. ஆனால், மெல்லிய ஈரப்பரப்பு எளிதில் உலர்ந்துவிடும். அதனை உலராமற் காக்க ஓர் உயிர் கொண்டுள்ள வழியே, அவ்வுயிர் எங்கு வாழலாம் என்பதையும் பெருமளவு முடிவு செய்கிறது.

மீனுக்கு ஈரத்தில் குறைவில்லை, ஆக்சிஜனில்தான் குறை. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் உண்டு. 25 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்திருப்பதோ 6 மில்லிலிட்டர் அளவே. இச்சிறிதளவையும் வீணாக்காமல் கவர்வதற்கேற்ப அமைந்தவை செவுள்கள். அவற்றின் மீது நீர் ஒரு திசையில் செல்ல, உள்ளே குருதி எதிர்த்திசையில் ஓடுகிறது. இதனால் செவுளின் தொடக்கம் முதல் இறுதி வரை, குருதியைவிட நீரில் ஆக்சிஜன் மிகுந்தே இருக்கும். பரிமாற்றமும் இடையறாது நிகழும். ஆகவே, செவுளை நுரையீரலினும் தாழ்ந்த உறுப்பெனக் கருதுவது பிழை. தரையில் விழுந்த மீன் காற்றின் நடுவே மூச்சடைத்து மாள்வதற்குக் காரணம் வேறு. நீர் தாங்காத செவுளிழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பரப்பு குறைந்து, பின் உலர்ந்தும் போகும்.

நீர் வெப்பமடையுந்தோறும் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். கோடை மடுவில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய் திறப்பது இதனாலேயே. நம் ஏரி குளங்களில் வாழும் விரால் இதற்கு மாற்றுவழி பெற்றுள்ளது. அதன் தலையினுள், செவுளுக்கு மேலே, காற்றிலிருந்து ஆக்சிஜனைக் கவரும் அறையொன்று உண்டு. விராலை மேற்பரப்புக்கு வரவிடாமல் தடுத்தால், மீனாயினும் அது நீருக்குள்ளேயே மூச்சுத்திணறி இறக்கும்! தும்பியின் இளவுயிரியோ குடலின் கடைப்பகுதியில் செவுளைக் கொண்டுள்ளது. அவ்வழியே நீரை உள்ளிழுத்து மூச்சுவிடும். ஆபத்தின்போது அந்நீரையே பீய்ச்சியடித்து முன்னோக்கிப் பாயும்.

தலைப்பிரட்டையின் நிலை இவற்றினும் இக்கட்டானது. செவுளால் உயிர்க்கும் அது, மடு வற்றுவதற்குள் கால்களும் நுரையீரலும் பெற்றுக் கரையேற வேண்டும். வளர்ந்த தவளைக்கு விலா எலும்புக்கூடும் உதரவிதானமும் இல்லை. ஆகவே, தொண்டையை உயர்த்தித் தாழ்த்திக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. அதன் தோலும் ஓர் உயிர்ப்புறுப்பே. நீருக்கடியில் அமைதியாகக் கிடக்கும்போது தோலே பெரும்பங்கு ஆற்றுகிறது. மண்புழுவுக்கு நுரையீரலும் இல்லை, செவுளும் இல்லை. அது முழுவதும் தோலையே நம்பி வாழ்கிறது. வெயிலில் அகப்பட்ட மண்புழு, தோல் உலர்ந்து மூச்சின்றி மடிகிறது. ஆக்சிஜனுக்கு வழிவிடும் ஈரத்தோல், நீரில் கலந்த நஞ்சுக்கும் வழிவிடும். வயலில் தெளித்த பூச்சிக்கொல்லி மழைநீரோடு ஓடையில் கலக்குமாயின், தவளை அதனைக் குடிக்க வேண்டியதில்லை. அந்நீரில் இருந்தாலே போதும்.

ஜவ்வாது மலைக்குப் பெயர் தேடித்தந்தவற்றுள் தேனும் ஒன்று. அதனைச் சேர்க்கும் தேனீக்கு மூக்கில்லை. உடலின் இருபுறமும் சுவாசத்துளைகள் உள்ளன. அங்கிருந்து கிளைத்துச் செல்லும் நுண்குழல்கள் காற்றைத் திசுக்களுக்கே கொண்டு சேர்க்கின்றன. பறக்கும் தேனீயின் தசைக்கு ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் வேலை குருதிக்கு இல்லை. இக்குழல்களின் நுனியிலும் சிறிது ஈரம் உண்டு. துளைகளை மூடித் திறந்து அவ்வீரத்தைத் தேனீ காக்கிறது.

பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் செல்கிறது. உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் புதுக்காற்று கிடைக்குமாறு காற்றுப்பைகள் உதவுகின்றன. குளிர்காலத்தில் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து, காற்று மெலிந்த இமயத்தைக் கடக்க வல்லதாவதற்கு இவ்வமைப்பும் ஒரு காரணம்.

மனிதர் இந்த ஈரப்பரப்பை மார்புக்குள் ஒளித்து வைத்துள்ளனர். சுமார் 30 கோடி நுண்ணறைகளாக அது மடிந்து கிடக்கிறது. நாம் இழுக்கும் காற்று மூக்கிலும் மூச்சுக்குழலிலும் ஈரமும் வெப்பமும் பெற்ற பின்னரே அங்குச் சென்றடைகிறது. வெளிவிடும் ஒவ்வொரு மூச்சிலும் அந்த ஈரத்தில் ஒரு பங்கை இழக்கிறோம். மார்கழி விடியலில் ஜமுனாமரத்தூர்ச் சந்தைக்கு நடப்போரின் வாயிலிருந்து வெண்புகைபோல் எழுவது அந்நீரே.