மூலகங்களின் முதலெழுத்து

இரசாயனம் பயிலத் தொடங்கும் தமிழ் மாணவனுக்கு முதலில் எதிர்ப்படும் புதிர், பெயர் ஒன்றும் குறியீடு வேறொன்றுமாக இருப்பதாகும். இரும்பு என்று வாயாற் சொல்லிவிட்டு எப், ஈ என்னும் இரண்டெழுத்தைக் கையால் எழுதுகிறான். சோடியத்துக்கு எஸ் வரும் என்று எதிர்பார்த்தால் என், ஏ வந்து நிற்கின்றன. பொற்றாசியத்துக்கோ கே என்னும் ஒற்றையெழுத்து. "இது ஏன் ஐயா?" என்று கேட்பவனிடம், "அது அப்படித்தான், பாடமாக்கிக்கொள்" என்று கூறி அமர்த்திவிடுவது எளிது. தமிழில் இரசாயனம் கற்பித்த ஆண்டுகளில் இக்கேள்வியைப் பன்முறை எதிர்கொண்டவன் நான். இதனோடு ஒட்டி மற்றொரு கேள்வியும் எழுவதுண்டு. தாய்மொழியிற் கற்கிறோமாயின், குறியீட்டை மட்டும் பிறமொழி எழுத்தில் எழுதுவானேன்? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே வரலாற்றில் அடங்கியிருக்கிறது.

படமும் எழுத்தும்

பண்டைய இரசவாதிகள் ஏழு உலோகங்களை வானத்துக் கோள்களோடு இணைத்து நினைத்தனர். பொன்னுக்கு ஞாயிறு, வெள்ளிக்குத் திங்கள், இரும்புக்குச் செவ்வாய், செம்புக்குச் சுக்கிரன், இரசத்துக்குப் புதன், வெள்ளீயத்துக்கு வியாழன், ஈயத்துக்குச் சனி என வகுத்து, அக்கோள்களின் குறிகளையே உலோகங்களுக்கும் வழங்கினர். 1787ஆம் ஆண்டில் இலவோசியே முதலிய பிரெஞ்சு அறிஞர் இரசாயனப் பெயர்களைச் சீர்திருத்தியபோது, அசன்பிராட்சு, ஆதே என்னும் இருவர் கோடுகளாலும் வட்டங்களாலும் புதிய குறிகளை அமைத்தனர். அவை பரவவில்லை.

அடுத்து வந்தவர் இங்கிலாந்தின் ஜோன் தாற்றன். 1808இல் அவர் வெளியிட்ட நூலில் மூலகங்கள் வட்டங்களாகக் காட்சி தருகின்றன. வெறும் வட்டம் ஒட்சிசன். நடுவே புள்ளியிட்ட வட்டம் ஐதரசன். முழுதும் கருமை தீட்டிய வட்டம் காபன். இரசவாதிக்குப் பொன்னைக் குறித்த அதே புள்ளிவட்டம் தாற்றனுக்கு ஐதரசனாயிற்று! எனினும் தாற்றனின் முறையில் ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. ஒரு வட்டம் ஓர் அணுவைக் குறித்தது. ஆகவே குறி பொருளை மட்டுமன்றி அளவையும் உணர்த்திற்று. ஆனால் அச்சுக்கோப்பவன் இத்தனை வட்டங்களுக்கு எங்கே போவான்? பல உலோகங்களுக்கு வட்டத்தினுள் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தை இடவேண்டிய நிலைக்குத் தாற்றனே வந்துவிட்டார்.

எழுத்து இருக்கும்போது வட்டம் எதற்கு என்று கேட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் பேர்சீலியசு. இலண்டனில் வெளிவந்த அறிவியல் இதழொன்றில் 1813, 1814ஆம் ஆண்டுகளில் அவர் தம் முறையை விளக்கினார். எழுதுவதற்கு இலகுவாக இருக்கவேண்டும். அச்சிட்ட நூலின் அழகைக் கெடுக்கலாகாது. அணுக்களின் அளவையும் காட்டவேண்டும் என்பன அவர் கருத்துக்கள். மூலகத்தின் இலத்தீன் பெயரில் முதலெழுத்தை எடுத்துக்கொண்டார். இரு பெயர்கள் ஒரே எழுத்திற் தொடங்கினால் இரண்டாம் எழுத்தையும் சேர்த்தார். இரண்டாம் எழுத்தும் ஒன்றாயின், இரு பெயர்க்கும் பொதுவாகாத முதல் மெய்யெழுத்தை நாடினார். ஐதரசனின் எச், ஒட்சிசனின் ஓ என்பவற்றோடு அணுக்களின் தொகையை எண்ணாற் குறித்துவிட்டால் நீரின் அமைப்பு விளங்கிவிடுகிறது. பேர்சீலியசு எண்ணை எழுத்தின் மேலே இட்டார். அதை 1834இல் கீழே இறக்கியவர் ஜேர்மனியரான இலீபிக்.

தாற்றனுக்கு இது பிடிக்கவில்லை. பேர்சீலியசின் குறிகள் அச்சமூட்டுகின்றன. இவற்றைப் படிக்கும் மாணவன் எபிரேய மொழியையே படித்துவிடலாம் என்ற பொருள்பட 1837இல் எழுதினார். இன்று தாற்றனின் வட்டங்கள் வரலாற்று நூல்களிலும், பேர்சீலியசின் எழுத்துக்கள் உலகின் வகுப்பறைகளிலும் இருக்கின்றன.

பெயர் பல, குறியீடு ஒன்று

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது, பேர்சீலியசு தமது தாய்மொழியாகிய சுவீடிசை எடுத்துக்கொள்ளவில்லை என்பதாகும். எந்த நாட்டு மக்களதும் வீட்டுமொழியாக இல்லாத, ஆனால் அக்காலத்து ஐரோப்பிய அறிஞர்க்குப் பொதுவாயிருந்த இலத்தீனைத் தேர்ந்தார்.

1807இல் டேவி என்னும் ஆங்கில அறிஞர் மின்னைச் செலுத்திப் பிரித்தெடுத்த இரு உலோகங்களுக்குச் சோடியம், பொற்றாசியம் என்று பெயரிட்டார். ஜேர்மன் மொழியிலோ அவை நாத்திரியம், காலியம் என வழங்கின. முன்னது நாத்திரன் என்னும் உவர்ப்பொருளின் பெயரிலிருந்தும், பின்னது தாவரச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்தும் பிறந்தவை. குறியீடுகள் இவற்றிலிருந்தே அமைந்தன. இரும்பு இலத்தீனில் பெரம், பொன் ஔரம், செம்பு சைப்பிரசுத் தீவின் பெயரால் குப்பிரம். இரசத்தின் பழம்பெயருக்கு நீர்வெள்ளி என்பது பொருள். தங்குதன் என்பது கனமான கல் எனப் பொருள்படும் சுவீடிசுச் சொல். அதன் குறியீடாகிய டபிள்யூவோ வொல்பிரம் என்ற பெயரின் முதலெழுத்து.

இன்று அறியப்பட்ட மூலகங்கள் 118. அவற்றுள் சோடியம், பொற்றாசியம், இரும்பு, செம்பு, வெள்ளி, வெள்ளீயம், அந்திமனி, தங்குதன், பொன், இரசம், ஈயம் ஆகிய பதினொன்றின் குறியீடுகள் ஆங்கிலப் பெயரோடு பொருந்துவதில்லை. எனவே, குறியீடுகள் ஆங்கிலத்துக்கு உரியவை, தமிழ் மாணவனுக்கு மட்டுமே அந்நியமானவை என்று எண்ணுவது பொருந்தாது. இலண்டன் மாணவனும் இரும்பின் குறியீட்டை நெட்டுருப் பண்ணியே தீரவேண்டும். ஜேர்மன் மாணவன் ஒட்சிசனைப் புளிப்புப்பொருள் என்றும் ஐதரசனை நீர்ப்பொருள் என்றும் பொருள்படும் தன் சொற்களாலேயே அழைக்கிறான். எழுதும்போது ஓ, எச் என்றே எழுதுகிறான். உருசிய மாணவனின் நெடுங்கணக்கே வேறு. ஆயினும் குறியீட்டை அவன் உரோமன் எழுத்திலேயே எழுதுகிறான். அதனால் அவர்களுடைய தாய்மொழிக் கல்வி குன்றிவிடவில்லை.

தமிழெழுத்திலேயே குறியீடு அமைத்தால் என்ன என்று நானும் எண்ணிப் பார்த்ததுண்டு. கந்தகம், காபன், கல்சியம், குளோரின், குரோமியம், கோபாற்று என வரிசையாகக் ககர வருக்கத்தில் வந்து நெருக்குகின்றன. பேர்சீலியசு பட்ட பாட்டை நாமும் படவேண்டும். அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. உரோமன் நெடுங்கணக்கிற் போலப் பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற பாகுபாடு தமிழில் இல்லை. குறியீட்டு முறையின் உயிர்நாடி அப்பாகுபாடே.

ஓர் எழுத்தின் அளவு

குறியீட்டின் முதலெழுத்துப் பேரெழுத்து. இரண்டாவது இருந்தால் அது சிற்றெழுத்து. பின்னே முற்றுப்புள்ளி இடலாகாது. இம்மூன்று விதிகளையும் மாணவர் அற்பமாகக் கருதுகின்றனர். சீயைப் பெரிதாகவும் ஓவைச் சிறிதாகவும் எழுதினால் அது கோபாற்று; கண்ணாடிக்கு நீலநிறம் ஊட்டும் உலோகம், விற்றமின் பீ12இல் அமைந்திருப்பது. இரண்டையும் பெரிதாக எழுதினால் அது காபனோரொட்சைட்டு. நிறமும் மணமுமின்றி மூச்சில் கலந்து உயிரைப் பறிக்கும் வாயு. இது வெறும் எழுத்துப்பிழையன்று. பொருளையே மாற்றிவிடும் பிழை.

இக்குறியீடுகள் மாறாதவையும் அல்ல. ஏ என்ற ஓரெழுத்தாய் இருந்த ஆகன், 1957இல் ஈரெழுத்துப் பெற்றது. ஜேர்மன் நூல்களில் அயடீனுக்கு நெடுங்காலம் ஜே வழங்கிற்று. அது ஐ ஆனபின், இன்று எந்த மூலகத்தின் குறியீட்டிலும் ஜே இல்லை. 1919இல் நிறுவப்பட்ட இரசாயனவியலாரின் சர்வதேச ஒன்றியமே இன்று பெயரையும் குறியீட்டையும் உறுதிசெய்கிறது. புதுமூலகத்தின் பெயரைக் கண்டுபிடித்தவர் முன்மொழிவர். புராணக் கருத்து, கனிப்பொருள், இடம், மூலகத்தின் இயல்பு, அறிஞர் பெயர் ஆகியவற்றுள் ஒன்றைத் தழுவி அது அமையவேண்டும். ஐந்து மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபின்னரே முடிவு செய்யப்படும். 112ஆம் மூலகமான கொப்பேனிசியத்துக்கு முதலில் சீ, பீ என்ற எழுத்துக்கள் முன்மொழியப்பட்டன. அவை முன்னர் வேறொரு மூலகப் பெயருக்கு வழங்கியமையால், 2010இல் சீ, என் என்பன ஏற்கப்பட்டன. யப்பானிய அறிஞர் ஒகாவா 1908இல் நிப்போனியம் என்றொரு மூலகத்தை அறிவித்தார், அம்முடிவு நிலைக்கவில்லை. ஒருமுறை வழங்கிக் கைவிடப்பட்ட பெயரை மீண்டும் சூட்டுவது மரபன்று. ஆகவே 2016இல் யப்பானியர் கண்ட 113ஆம் மூலகம், அந்நாட்டின் மற்றொரு பெயரால் நிகோனியம் ஆயிற்று.

இத்தனை எச்சரிக்கையும் ஒரே நோக்கத்துக்காகத்தான். ஓர் எழுத்தைக் கண்டால் உலகெங்கும் ஒரே பொருளை உணரவேண்டும். இரும்பு என்ற சொல் நம்முடையது, அதனை விட்டுக்கொடுக்கவேண்டியதில்லை. குறியீடோ எல்லாருக்கும் பொதுவானது. அதனை அந்நியமென ஒதுக்கவேண்டியதுமில்லை. ஆசிரிய நண்பர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. குறியீடுகளை மனனம் செய்யுமாறு பணிக்குமுன், அந்தப் பதினொரு பழம்பெயர்களையும் அவற்றின் பொருளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். அதற்கு ஒரு பாடவேளை போதும்.