கிருமி போகும், கொழுப்பு தானாகப் போகாது: ஹெபடைட்டிஸ் சி சிகிச்சையில் இருப்பவர்களுக்கு

“முதல்ல பத்து கிலோ குறைச்சுக்கிட்டு வாங்க, அப்புறம் மாத்திரையைத் தொடங்கலாம்.” பருமனான ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் பலர் இந்த அறிவுரையை உறவினரிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ கேட்டிருப்பார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதில் ஓரளவு நியாயம் இருந்தது. இன்று இதைக் கேட்டு மாத்திரையைத் தள்ளிப்போடுவது கல்லீரலுக்கே ஆபத்து.

அப்போது இருந்த சிகிச்சை வேறு. வாரம் ஒருமுறை இன்டர்ஃபெரான் ஊசி, அதோடு தினமும் ரிபாவிரின் மாத்திரை, 24 வாரமோ 48 வாரமோ. காய்ச்சல், முடி உதிர்வு, மனச்சோர்வு என்று பக்கவிளைவுகள் வரிசைகட்டும். உடல் பருமன் உள்ளவர்களிடம் இந்த ஊசி வேலை செய்யும் வாய்ப்பும் குறைவு. ரிபாவிரின் அளவையே எடை பார்த்துத்தான் முடிவுசெய்வார்கள்: 75 கிலோவுக்குக் கீழ் நாளுக்கு 1000 மி.கி., அதற்கு மேல் 1200 மி.கி.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபாஸ்புவிர் அனுமதி பெற்றதும் நிலைமை தலைகீழானது. அப்போது அங்கே ஒரு மாத்திரை 1000 டாலர். 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர். அடுத்த ஆண்டே இந்திய நிறுவனங்கள் அதைத் தயாரிக்க உரிமம் பெற்றன, விலை மளமளவென்று இறங்கியது. இந்த மாத்திரையை டாக்லடாஸ்விர் அல்லது வெல்படாஸ்விர் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்து 12 வாரம் சாப்பிட்டால் 100 பேரில் 95 பேருக்கு மேல் கிருமி ஒழிந்துவிடுகிறது. 50 கிலோ உள்ளவருக்கும் 100 கிலோ உள்ளவருக்கும் ஒரே அளவுதான். எடை குறையும்வரை காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் கிருமிக்குத்தான் லாபம்.

அப்படியானால் எடையைப் பற்றிக் கவலையே வேண்டாமா? வேண்டும். கிருமியைக் கொல்லும் வேலையை மாத்திரை பார்த்துக்கொள்ளும். கல்லீரலில் படிந்த கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை அது அல்ல.

இரட்டைச் சுமை

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் உலகில் சுமார் 5 கோடிப் பேர் நாள்பட்ட ஹெபடைட்டிஸ் சி தொற்றோடு வாழ்ந்தார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 55 லட்சம். ரத்தத்தின் வழியே பரவும் நோய் இது. கிருமி நீக்காத ஊசி, பரிசோதிக்காத ரத்தம், சுத்தமில்லாத டயாலிசிஸ் கருவி, பச்சை குத்தும் ஊசி, ஒருவர் பயன்படுத்திய சவரக்கத்தி ஆகியவை முக்கிய வழிகள். தடுப்பூசி கிடையாது. பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமலேயே கல்லீரலை அரிக்கும்.

இந்தக் கிருமியில் பல வகைகள் உண்டு. இந்தியாவில் அதிகம் காணப்படுவது 3-ஆம் வகை. இதன் தனிக் குணம், ஒல்லியானவரின் கல்லீரலிலும் கொழுப்பைப் படியவைப்பது. ஏற்கெனவே தொப்பையும் சர்க்கரை நோயும் உள்ளவருக்கு இது வந்தால், கிருமி சேர்க்கும் கொழுப்பும் உணவால் சேர்ந்த கொழுப்பும் ஒன்றாகிவிடும். கல்லீரலில் தழும்பு வேகமாகப் பரவும். அது முற்றினால் சிரோசிஸ், அதன் பிறகு புற்றுநோய் அபாயம். மதுவும் சேர்ந்தால் வேகம் பல மடங்கு.

சிகிச்சை முடிந்ததும் கிருமி படியவைத்த கொழுப்பு பெரும்பாலும் குறைந்துவிடும். எடையால் வந்தது அங்கேயே இருக்கும். சிலருக்குக் குணமான நிம்மதியில் பசி திரும்பி, எடை இன்னும் ஏறுகிறது. கிருமி இருந்தவரை குறைந்திருந்த கொலஸ்ட்ராலும் உயரக்கூடும். ‘நெகட்டிவ்’ என்று அறிக்கை வந்த பிறகும் கல்லீரல் கெட்டுக்கொண்டே போவது இப்படித்தான்.

எடை எவ்வளவு இருந்தால் அதிகம் என்ற கேள்விக்கு இந்தியர்களுக்கான அளவுகோல் மேற்கத்தியர்களுடையதைவிடக் கண்டிப்பானது. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. அது 23-ஐத் தொட்டால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன். 160 செ.மீ. உயரமுள்ளவர் 59 கிலோவிலேயே முதல் கோட்டைத் தொடுகிறார், 64 கிலோவில் இரண்டாவதை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை.

மாத்திரை சாப்பிடும் 12 வாரங்கள்

பருமனான நோயாளியின் வீட்டில் வேறு மாத்திரைகளும் இருக்கும்: சர்க்கரைக்கு, கொலஸ்ட்ராலுக்கு, நெஞ்செரிச்சலுக்கு. இவை அத்தனையையும் முதல் நாளே மருத்துவரிடம் எடுத்துக்காட்ட வேண்டும்.

‘கேஸ் மாத்திரை’ என்று கேட்டு வாங்கும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்றவை வயிற்று அமிலத்தைக் குறைக்கும். வெல்படாஸ்விர் உடலில் சேர அந்த அமிலம் தேவை. இரண்டையும் இஷ்டப்படி சேர்த்து விழுங்கினால் கிருமி மருந்தின் வீரியம் குறையும். கொலஸ்ட்ரால் மாத்திரைகள் சிலவற்றின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். இதயத் துடிப்புக் கோளாறுக்கான அமியோடரோனை சோஃபாஸ்புவிரோடு சேர்த்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். ஹெபடைட்டிஸ் பி தொற்றும் இருந்தால் சிகிச்சையின்போது அது விழித்துக்கொள்ளலாம். எனவே அந்தச் சோதனையை முன்கூட்டியே செய்துவிடுவது கட்டாயம்.

சர்க்கரை நோயாளிகள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கிருமி குறையக் குறைய இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும். பழைய அளவிலேயே ஊசியும் மாத்திரையும் தொடர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்வை, நடுக்கம், படபடப்பு, மயக்கம் வரலாம். அடிக்கடி சர்க்கரையைச் சோதித்து, மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

கல்லீரல் நோய் என்றதுமே நம் வீடுகளில் பத்தியம் தொடங்கிவிடும். மஞ்சள் காமாலைக்குச் செய்வதுபோல் முட்டை, மீன், பருப்பை நிறுத்திவிட்டு, கரும்புச்சாறும் குளுக்கோஸ் தண்ணீரும் கொடுப்பார்கள். கொழுப்பு படிந்த கல்லீரலுக்கு அந்தச் சர்க்கரை மேலும் சுமை. புரதத்தை நிறுத்தினால் தசை கரையும். சுண்டல், பருப்பு, முட்டை, மீன், காய்கறி தட்டில் இருக்க வேண்டும். குறைய வேண்டியவை சோற்றின் அளவு, பொரித்த பலகாரம், பரோட்டா, சர்க்கரை போட்ட டீ, பாட்டில் குளிர்பானம். கீழாநெல்லி மீது நம்பிக்கை வைத்து மாத்திரையை நிறுத்துவோரும் உண்டு. ஹெபடைட்டிஸ் சி கிருமியை அது ஒழிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

அவசரமும் கூடாது. வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதும். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கமும் தணியும். 80 கிலோ உள்ளவருக்கு அது ஆறிலிருந்து எட்டு கிலோ. பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் இறக்குவது கல்லீரலுக்கே கேடு. ‘இயற்கை’ என்று விற்கும் கொழுப்புக் கரைப்பான்களில் இன்னும் ஆபத்து: கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் மீன் குழம்பில் போடும் குடம்புளியின் சாற்றையும் பச்சைத் தேயிலைச் சாற்றையும் செறிவாக்கி அடைத்த மாத்திரைகளால் கல்லீரல் பழுதானவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். குழம்பில் போடும் புளி வேறு, செறிவூட்டிய மாத்திரை வேறு.

சிரோசிஸ் வந்துவிட்டவர்களுக்கு எடைக்கருவி பொய் சொல்லும். வயிற்றிலும் காலிலும் நீர் கோத்து எடை கூடும். உள்ளே தசை கரைந்துகொண்டிருக்கும். சில நாட்களில் இரண்டு மூன்று கிலோ ஏறினால் அது கொழுப்பாக இருக்காது, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவர்கள் சொந்தமாக டயட் தொடங்கவே கூடாது. இரவு நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு இருப்பதும் தவறு.

உரிமைகள்

2018 ஜூலை 28 அன்று, உலகக் கல்லீரல் அழற்சி நாளில், மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி பரிசோதனையும் ஹெபடைட்டிஸ் சி மாத்திரைகளும் இலவசம். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் வழி விசாரிக்கலாம். எடை அதிகம் என்பது இந்த மாத்திரையை மறுக்கக் காரணம் ஆகாது. மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்கலாம், வேறொரு மருத்துவரின் கருத்தும் பெறலாம்.

தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனம் தகவல், ரகசியம், பாகுபாடின்மை, இரண்டாம் கருத்து ஆகியவற்றை உரிமைகளாகச் சொல்கிறது. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை. கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையில் குறை இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 1995-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையையும் நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

ஓர் ஆவணத்தை உயிர்போலக் காக்க வேண்டும். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் ஆர்.என்.ஏ. சோதனையில் கிருமி இல்லை என்று வந்தால்தான் குணமானதாக அர்த்தம். ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் அதன் பிறகும் பல ஆண்டுகள் ‘பாசிட்டிவ்’ காட்டும். வளைகுடா வேலைக்கான மருத்துவச் சோதனையிலோ உள்ளூர் வேலையிலோ அந்த ஒரு சொல்லை வைத்து நோயாளி என்று முத்திரை குத்தினால், ஆர்.என்.ஏ. அறிக்கைதான் பதில்.

கிருமியையும் எடையையும் சேர்த்துப் பார்ப்பதில் எகிப்து ஒரு பாடம். நத்தையால் பரவும் நோய்க்குப் பல ஆண்டுகள் போட்ட ஊசிகளே அங்கே ஹெபடைட்டிஸ் சி கிருமியைக் கிராமம் கிராமமாகப் பரப்பின. 2018-இல் அந்நாடு மாபெரும் பரிசோதனை இயக்கத்தைத் தொடங்கியபோது, கிருமியை மட்டும் தேடவில்லை. வந்தவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்தது. சுமார் 5 கோடிப் பேர் சோதிக்கப்பட்டார்கள். 2023-இல் ஹெபடைட்டிஸ் சி ஒழிப்புப் பாதையில் தங்கத் தகுதி பெற்ற முதல் நாடாக எகிப்தை உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

நம் ஊரிலும் மாத்திரை வாங்க வரும் நாளிலேயே எடை, இடுப்பளவு, சர்க்கரை மூன்றையும் பார்த்து ஏட்டில் குறிக்க வேண்டும். பார்க்கவில்லையென்றால் நோயாளியே கேட்க வேண்டும். சிரோசிஸ் உள்ளவர்கள் குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். ஒருமுறை குணமானவருக்குக் கிருமி மறுபடியும் வரலாம் என்பதையும் மறக்கக் கூடாது. மாத்திரையை இன்றே தொடங்குங்கள். எடையைக் குறைப்பதையும் அதே நாளில் தொடங்கி, 12 வாரத்தோடு நிறுத்திவிடாமல் தொடருங்கள்.