முதலில் தாய்ப்பலகையைப் பாருங்கள்

மாணவர்களே, நீண்ட விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம் அது. லெம்பா பெர்த்தாமிலிருந்து வரும் படிவம் 4 மாணவன் ஒருவன், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை அறிவியல் கூடத்து மேசையில் வைத்தான். "எரிச்சிட்டேன் போல இருக்கு, சார்" என்றான். விடுமுறை முழுக்கப் பூத்தோட்டத்தில் வேலை செய்து சேர்த்த பணம். இணையத்தில் ஒருவரிடம் பழைய செயலியையும் இன்னொருவரிடம் பழைய தாய்ப்பலகையையும் வாங்கித் தானே கணினி பூட்டியிருக்கிறான். விசிறி சுற்றியது, திரை இருட்டாகவே இருந்தது.

பிரித்துப் பார்த்தேன். எதுவும் எரியவில்லை. செயலி இன்டெல் ஐ3-8100. மூடியில் 'மலேசியா' என்று பொறித்திருந்தது. (இன்டெல், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972-ல் பினாங்கில்தான் திறந்தது.) தாய்ப்பலகை எச்110 வகை. இரண்டுக்கும் 1151 என்ற ஒரே எண். அந்த எண்ணை நம்பித்தான் அவன் வாங்கினான்.

1151 என்பது செயலியின் அடியில் உள்ள தொடுபுள்ளிகளின் எண்ணிக்கை. பலகையில் உள்ள சாக்கெட்டிலும் அத்தனை ஊசிகள் இருக்கும். எண் வேறானால் செயலி உட்காரவே உட்காராது. ஆனால் எண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் இங்கே சிக்கல். எச்110 பலகை, 2015-ல் வந்த 6-ஆம் தலைமுறைச் செயலிகளுக்காகச் செய்யப்பட்டது. 2017-ல் 8-ஆம் தலைமுறை வந்தபோது இன்டெல் அதே 1151 சாக்கெட்டை வைத்துக்கொண்டு, சில ஊசிகளின் வேலையை மாற்றிவிட்டது. புதிய செயலிக்கு 300 வரிசைப் பலகைதான் வேண்டும். அளவெடுத்துத் தைத்ததுபோல் உள்ளே உட்கார்ந்தாலும் வேலை செய்யாது. பூட்டு ஒன்று, சாவி வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இப்படிப் பெயர் வைத்தவர்கள்மேல்தான் கொஞ்சம் வந்தது.

ஆகவே சாக்கெட் எண்ணோடு நிற்காதீர்கள். தாய்ப்பலகை செய்த நிறுவனத்தின் தளத்தில், அந்தப் பலகை ஏற்கும் செயலிகளின் பட்டியல் இருக்கும். உங்கள் செயலியின் பெயர் அதில் இருக்கிறதா, அதற்கு எந்த பயோஸ் பதிப்பு தேவை என்று பாருங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 பலகைகள் பல ஆண்டுகள் விற்றவை. அவற்றில் பழைய பயோஸ் இருந்தால் ரைசன் 5000 வரிசைச் செயலியோடு திரை எழாது. புதுப்பித்த பிறகு எழும். நினைவகத்தையும் பாருங்கள். டிடிஆர்4-ம் டிடிஆர்5-ம் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது.

இனி என்ன செய்வது? செயலியை மாற்றலாம், அல்லது பலகையை மாற்றலாம். அதே எச்110-க்கு ஐ5-6500 வாங்கினால் வேகத்தில் பெரிய இழப்பு இல்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றை அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. அதனால் செயலியை வைத்துக்கொண்டு பலகையை மாற்றச் சொன்னேன்.

அடுத்த பலகையைத் தேடியபோது அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: "ஒரே வகைப் பலகை, ஒன்னு மலிவு, ஒன்னு விலை. ஏன் சார்?"

மின்னியல் பாடத்தை நினைவுபடுத்துங்கள். திறன் என்பது மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம். ஐ3-8100-இன் திறன் மதிப்பு 65 வாட். செயலிக்குள் போகும் அழுத்தம் ஏறக்குறைய 1.2 வோல்ட்தான். 65-ஐ 1.2-ஆல் வகுத்தால் சுமார் 54 ஆம்பியர்! உங்கள் வீட்டுக் கெண்டிச் செருகியின் உருகி 13 ஆம்பியர். அதைப்போல் நான்கு மடங்கு மின்னோட்டம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளுக்குள் பாய்கிறது. மின்வழங்கியிலிருந்து வரும் 12 வோல்ட்டை 1.2 ஆக இறக்கித் தருவது சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் சாம்பல் நிறச் சுருள்களும் உருளை வடிவ மின்தேக்கிகளும் அவற்றின் அருகிலுள்ள கறுப்புச் சில்லுகளும்தான். மலிவான பலகைகளில் பெரும்பாலும் இவைதான் குறையும், வெப்பத்தட்டும் இருக்காது. 65 வாட் செயலிக்கு அது பரவாயில்லை. இரு மடங்கு இழுக்கும் செயலியை அதில் பூட்டினால் சூடேறி வேகம் குறையும். வண்ண விளக்கு எரியும் பலகைக்குக் கொடுக்கும் பணத்தை இந்தப் பகுதிக்குக் கொடுங்கள்.

பழைய பலகை வாங்கினால் இரண்டு படங்கள் கேளுங்கள். ஒன்று, சாக்கெட் ஊசிகளை அருகிலிருந்து எடுத்தது. ஓர் ஊசி வளைந்திருந்தாலும் வேண்டாம். மற்றொன்று, மின்தேக்கிகளின் தலை தெரியும்படி எடுத்தது. தலை உப்பியிருந்தாலோ பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ விட்டுவிடுங்கள். 2000-களின் தொடக்கத்தில் தரமற்ற மின்பகு திரவத்தால் உலகெங்கும் ஏராளமான தாய்ப்பலகைகள் இப்படித்தான் செத்தன.

கேமரன் மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. குளிர்ந்த கண்ணாடியில் மூச்சுவிட்டால் பனி படிகிறதல்லவா? இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த பலகையை, கெண்டி கொதிக்கும் சமையலறை மேசையில் பிரித்தால் அதன்மேலும் அப்படியே படியும். தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. தூசியும் உரத்தூளும் கரைந்த நீர் கடத்தும். உரங்களில் பல உப்புகளே. பலகையை உறையோடு ஒரு மணி நேரம் வைத்து, அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு பிரியுங்கள். ஓடும் கணினி தன் சூட்டாலேயே ஈரத்தை விரட்டும். வாரக்கணக்கில் அணைத்து வைத்ததுதான் பாழாகும். இடி முழங்கும் மாலையில் செருகியை மட்டுமல்ல, இணையக் கம்பியையும் கழற்றுங்கள்.

அவன் எச்310 பலகை ஒன்றைத் தேடிப் பிடித்தான். இந்த முறை பட்டியலையும் ஊசிகளின் படத்தையும் எனக்குக் காட்டிய பிறகே பணம் கட்டினான். பள்ளி முடிந்த பின் அறிவியல் கூடத்தில் பூட்டினோம். பயோஸ் திரை எழுந்தது. செயலியின் வெப்பம் 31 டிகிரி என்று காட்டியது. பழைய எச்110-ஐ அவன் விற்கவில்லை. தங்கைக்கு ஒரு கணினி பூட்ட, இப்போது 6-ஆம் தலைமுறைச் செயலி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறான்.